தலை தப்பியது, வருத்தம் மிஞ்சியது!

தேவகோட்டையில் தே பிரித்தோ பள்ளிக்கூடத்தைத் தெரியாதவர் இல்லை. ஆனால் யார் அந்தப் பிரித்தோ?

அவர்தான் அருளானந்தர். 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தார். பெரிய வீட்டுப் பிள்ளை. தந்தை பிரேசில் நாட்டில் ரியோ நகரின் கவர்னராக இருந்தவர். பிள்ளை அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தார்.

சிறு வயதில் கடும் நோய் வந்தது. பிள்ளை பிழைத்தால் ஓராண்டு துறவி அங்கி அணிவிப்பதாகத் தாயார் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. அங்கியும் அணிவித்தார். அந்த அங்கி மறுபடியும் மகன் மேல் ஏறும் என்று அவர் நினைக்கவில்லை! 1662-இல் மகன் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். தாயார் தடுத்துப் பார்த்தார்; நடக்கவில்லை.

மதுரை மிஷனில் அவர் பண்டாரசாமியாக வாழ்ந்தார். காவி உடுத்தார். மாமிசம் தொடவில்லை. ஊர் ஊராக நடந்தார்.

1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டார். கயிற்றில் கட்டி நீரில் அமிழ்த்தினார்கள். கொதிக்கும் பாறையில் கிடத்தி மிதித்தார்கள். மரண தண்டனையும் விதித்தாயிற்று. அவர் சாவுக்குத் தயாராகிவிட்டார்.

ஆனால் ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி நேரில் விசாரித்து அவரை விட்டுவிட்டார்! தம் சீமையில் இனிப் பிரசாரம் செய்யக் கூடாது என்பது உத்தரவு.

உயிர் தப்பியதற்கு மகிழாத மனிதர் உண்டா? இவர் மகிழவில்லை. வேதத்துக்காக உயிர் விடும் பாக்கியம் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லையே என்று வருந்தினார். மீண்டும் மறவர் சீமைக்குப் போகவே துடித்தார். மேலதிகாரிகளோ மிஷன் காரியமாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. இதுவும் ஆண்டவன் சித்தம் என்று கிளம்பிவிட்டார்.

இளமைத் தோழர் பேதுரு அப்போது போர்ச்சுக்கல் ராஜா. தம் பக்கத்திலேயே இருத்திக்கொள்ள ஆசைப்பட்டார். அரண்மனைச் சோறும் பதவியும் காத்திருந்தன. அருளானந்தர் அங்கேயும் கீரையும் காய்கறியும் தின்றுகொண்டு, தரையில் படுத்தார். 1690-இல் திரும்பவும் கப்பல் ஏறினார்.

தடை போட்ட அதே சீமைக்கு வந்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் நோய் தீர்ந்து கிறிஸ்தவரானார். அவருக்குப் பல மனைவியர். ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலாயி, சேதுபதிக்கு உறவுப் பெண். அவர் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனார். அவர் கண்ணீரில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தம்மைக் கேளாமலே அவர் வாழ்வு முறிந்ததே! தடியத் தேவர் ஆட்சிக்கு உரிமை கோரக்கூடியவர் என்பதால் சேதுபதிக்கும் உள்ளூரப் பயம் இருந்தது.

1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். வெளியில் சொன்னது நாடு கடத்தல். ரகசியமாகப் போனது மரண உத்தரவு. ராமநாதபுரத்தில் கொன்றால் கலகம் வரலாம் என்று ஓரியூரில் இருந்த தம்பியிடம் சேதுபதி அனுப்பிவைத்தார். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் அந்த ஊர் வரும்.

சிறையில் மை இல்லை. கரியைக் கரைத்து, குச்சியால் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏழு ஆண்டுக்கு முன் தவறிப்போனது இப்போது வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி அதில் தெரிந்தது. பிப்ரவரி 4-ந் தேதி, சாம்பல் புதன்கிழமை, பாம்பாற்றங்கரையில் அவர் தலை வீழ்ந்தது. அவருக்கு வயது 45.

அவர் ரத்தத்தால் சிவந்தது என்று அங்குள்ள செம்மணலை மதபேதமின்றி மக்கள் எடுத்துச் செல்கிறார்கள். 1947-இல் போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

கொலைச் செய்தி லிஸ்பனுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று மகனைத் தடுத்த அதே தாயாரை ராஜா அரண்மனைக்கு அழைத்தார். அவர் துக்க உடையில் போகவில்லை. திருவிழாவுக்குப் போவதுபோல் பட்டு உடுத்திக்கொண்டு போனார்.