பாபி மூர்

பாபி மூர் (ஏப்ரல் 12, 1941 - பெப்ரவரி 24, 1993) இங்கிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற கால்பந்தாட்ட வீரர் ஆவார். தடுப்பாட்டக்காரரான இவரது தலைமையில் இங்கிலாந்து 1966 ஆம் ஆண்டு உலகக்கோப்பையை வென்றது.

வாழ்க்கைச் சுருக்கம்

எசெக்சு பகுதியின் பார்க்கிங் நகரில் பிறந்த மூர், 1958 இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் அணிக்காக முதன்முதலாக விளையாடினார். 1962 முதல் 1973 வரை இங்கிலாந்துக்காக 108 ஆட்டங்களில் பங்கேற்றார். அவற்றுள் 90 ஆட்டங்களில் அணித்தலைவராக இருந்தார். 1974 இல் புல்ஹாம் அணிக்கு மாறினார்.

தடுப்பாட்டத்தின் தரம்

1966 உலகக்கோப்பையில் இங்கிலாந்து முதல் நான்கு ஆட்டங்களிலும் கோல் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் அதன் குழுவில் இருந்த உருகுவே, மெக்சிகோ, பிரான்சு ஆகிய மூன்று அணிகளும் சேர்ந்து குழு ஆட்டங்களில் 5 கோல்களே அடித்திருந்தன. மாறாக, அரையிறுதிக்கு முன் 14 கோல்கள் அடித்திருந்த போர்த்துகலை இங்கிலாந்து ஒரே கோலுக்குள் கட்டுப்படுத்தியது. அதுவும் யூசேபியோ தண்ட உதையில் அடித்ததாகும்.

1970 ஜூன் 7 அன்று மெக்சிகோவின் குவாதலஹாராவில் பிரேசிலிடம் இங்கிலாந்து 0-1 எனத் தோற்றது. அத்தொடரில் பிரேசில் 6 ஆட்டங்களில் 19 கோல்கள் அடித்தது. ஏனைய ஐந்து அணிகளும் அதனிடம் மூன்று அல்லது நான்கு கோல்களை வாங்கின. ஆகவே எதிரணியின் வலிமையைக் கருதினால், கோல் காப்பாளர் கோர்டன் பாங்க்சும் மூரும் சிறப்பாக ஆடிய இத்தோல்வி, கோல் விடாத பல வெற்றிகளை விட உயர்ந்த தடுப்பாட்டம் ஆகும்.

மறைவு

மூர் குடல் புற்றுநோயால் தமது 51 ஆவது வயதில் காலமானார். இவரது சிலை 2007 இல் புதிய வெம்பிளி விளையாட்டரங்கின் முன் திறக்கப்பட்டது.