இசைப் புலவர் பீத்தோவன்

இசை செவிக்கு விருந்து. அச்செவியே பழுதுற்ற ஒருவர் உலகம் போற்றும் இசையை ஆக்கினார் என்பது வியப்பினும் வியப்பன்றோ! அவரே ஜெர்மானியராகிய லுட்விக் வான் பீத்தோவன். அவர் வரலாற்றின் ஒரு பகுதியை யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரில் 1770-ம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் அரண்மனைப் பாடகர். 1792-ம் ஆண்டு வியன்னா மாநகரையடைந்த பீத்தோவன், பியானோ வாசிப்பதிற் பெரும்புகழ் எய்தினார். ஆயின், முப்பது வயது நிரம்புமுன்னரே அவருடைய செவிப்புலன் குன்றலாயிற்று. 1802-ம் ஆண்டு, மருத்துவர் சொற்படி, வியன்னாவை அடுத்த ஹைலிகென்ஸ்டாட் என்னும் சிற்றூரில் தங்கினார். உடனிருந்தவர் தொலைவில் எழுந்த குழலோசையையும் இடையன் பாடலையும் கேட்டு மகிழ, தாம் ஒன்றுங் கேளாது நின்ற நிலை அவர் நெஞ்சைப் பிளந்தது. உயிர்விடவும் எண்ணினார். தம்முள் எழும் இசை முழுவதையும் உலகிற்கு அளியாது இறத்தல் தகாதெனத் தெளிந்து, அவ்வெண்ணத்தை விடுத்தார். இவற்றையெல்லாம் உடன்பிறந்தார்க்கு எழுதிய முடங்கல் அனுப்பப்படாது கிடந்து, அவர் இறந்த பின்னரே வெளிப்பட்டது.

பிறரோடு உரையாடல் துன்பமாகவே, வயல்களும் காடுகளும் அவர்க்கு உற்ற துணையாயின. குறிப்பேட்டுடன் நெடுந்தூரம் நடந்து, உள்ளத்து உதித்த இசையை ஆங்காங்கே குறித்துக்கொள்வார். அவ்வுலாக்களின் பயனே 1808-ம் ஆண்டு முற்றுப்பெற்ற ஆறாவது சிம்பொனி. சிம்பொனியாவது பல கருவிகள் கூடியிசைக்கும் பேரிசை. வழக்கமாக நான்கு பகுதிகளையுடைய அதனை அவர் ஐந்தாக வகுத்தார். நாட்டுப்புறத்தை அடைந்தார்க்கு எழும் மகிழ்ச்சி, ஓடைக்கரைக் காட்சி, குடியானவர் களியாட்டு, இடியும் புயலும், புயல் ஓய்ந்தபின் இடையர் நன்றிப்பாடல் என்பன அவை. ஓடைப்பகுதியின் இறுதியிற் புல்லாங்குழல் நைட்டிங்கேல் என்னும் பறவைபோலவும், ஓபோ காடைபோலவும், கிளாரினெட் குயில்போலவும் ஒலிக்கின்றன. எனினும், இயற்கையின் தோற்றத்தைத் தீட்டுவதினும், அஃது உள்ளத்தில் எழுப்பும் உணர்ச்சியைப் புலப்படுத்துவதே தம் கருத்தென அவர் அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பர் 22-ம் நாள், வியன்னாவில், குளிர் மிகுந்த அரங்கொன்றில் அது முதன்முதல் இசைக்கப்பெற்றது.

ஆறாண்டுகட்கு முன் எவ்விடையன் பாடலைக் கேளாமையால் உளமுடைந்தாரோ, அவ்விடையர் பாடலையே தம் நூலின் முடிவாக, அதுவும் நன்றிப்பாடலாக, அவர் அமைத்தமை எம் உள்ளத்தை உருக்குகின்றது. பிற்காலத்தில் முற்றுஞ் செவிடராகியும் இசையாக்கத்தை விடாத அப்பெரியார், 1827-ம் ஆண்டு மார்ச் 26-ம் நாள் வியன்னாவிற் காலமானார்.

கேட்குஞ் செவிகளை ஆண்டவன் எமக்கு அளித்திருக்கின்றான். ஆயினும், விடியற்காலையில் விடுதி மரங்களிற் பாடும் பறவைகளைக் கேளாமலே யாம் வகுப்புக்கு விரைகின்றோம். பீத்தோவன் வரலாற்றைக் கற்ற பின்னராயினும் சற்றே நின்று கேட்போமாக.