பெயர் பொறிக்கப்படாத கல்லறையில் ஒரு பெரும் பயிற்றுவிப்பாளர்

பெரும் உதைபந்தாட்டக் கழகங்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றிக் கிண்ணங்களின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நெருக்கடிக் காலத்தில் ஒரு கழகம் அழிந்துபோகாமல் நிலைத்தமைக்கு யார் காரணராயிருந்தார் என்ற கேள்விக்கு அப்பட்டியலில் விடை கிடைப்பதில்லை. 1959 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் திகதி இலண்டனில் மிக வறிய நிலையில் காலமான அயர்லாந்துக்காரர் பற்றிக் ஓகொனலின் பெயர் நீண்டகாலம் மறக்கப்பட்டிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஓகொனல் 1887 ஆம் ஆண்டு பிறந்தவர். டப்ளின் நகரில் வளர்ந்து, அங்குள்ள போலண்ட்ஸ் மாவு ஆலையில் தொழில் புரிந்தவர். அயர்லாந்து முழுவதும் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த அக்காலத்தில், உழைக்கும் வர்க்கத்து இளைஞர் ஒருவருக்கு உதைபந்தாட்டம் ஆலையிலிருந்து வெளியேறும் வழிகளுள் ஒன்றாக அமைந்தது. பெல்பாஸ்ட் செல்ரிக் கழகத்தில் திறமை காட்டிய அவரை 1909 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெபீல்ட் வெட்னஸ்டே கழகம் ஒப்பந்தம் செய்தது. ஒரு வீரருக்கு வாரமொன்றுக்கு 4 பவுணுக்கு மேல் சம்பளம் வழங்கலாகாது என்ற விதி நடைமுறையிலிருந்த காலம் அது. தொழில்முறை வீரர் என்ற பெயர் கௌரவம் தந்ததேயன்றிச் செல்வம் தரவில்லை. 1912 இல் அவர் ஹல் சிற்றி கழகத்திற்கு மாறினார்.

அவரது ஆட்ட வாழ்வின் உச்சம் 1914 ஆம் ஆண்டாகும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கும் மோதிய பிரித்தானியச் சுற்றுப்போட்டியில் அயர்லாந்து அதுவரை தனித்துச் சம்பியனானதில்லை. ஓகொனலின் தலைமையில் அவ்வணி வேல்ஸை 2 - 1 எனவும், இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3 - 0 எனவும் வென்றது. மார்ச் 14 ஆம் திகதி பெல்பாஸ்டில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் கை முறிந்த நிலையிலும் அவர் மைதானத்தை விட்டு அகலவில்லை. ஆட்டம் 1 - 1 எனச் சமநிலையில் முடிய, கிண்ணம் அயர்லாந்துக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் 1,000 பவுண் கொடுத்து அவரை வாங்கிய மன்செஸ்டர் யுனைட்டட் கழகம் அவரையே அணித்தலைவராகவும் ஆக்கியது.

ஆனால், அங்குதான் அவரது பெயரில் ஒரு கறையும் படிந்தது. 1915 ஏப்ரல் 2 ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று, லிவர்பூலுடனான ஆட்டத்தில் மன்செஸ்டர் யுனைட்டட் 2 - 0 என வென்றது. சரியாக அதே முடிவின் மீது பெருந்தொகைப் பந்தயங்கள் கட்டப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. அந்த ஆட்டத்தில் கிடைத்த தண்டனை உதையை எடுத்தவர் ஓகொனல். பந்து கோல் கம்பத்தை விட்டு வெகுதூரம் விலகிச் சென்றது. விசாரணையின் முடிவில் இரு கழகங்களையும் சேர்ந்த ஏழு வீரர்களுக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. அவர்களுள் ஓகொனல் இல்லை. அவர் மீது குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். அதேவேளை, அந்த உதை எழுப்பிய ஐயம் இன்றுவரை முற்றாக நீங்கவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை.

முதலாம் உலக யுத்தம் பல வீரர்களின் சிறந்த ஆண்டுகளை விழுங்கியது. யுத்தம் முடிந்தபோது முப்பது வயதைக் கடந்திருந்த ஓகொனல், ஸ்கொட்லாந்தின் டம்பார்டன் கழகத்திலும், பின்னர் நிலக்கரிச் சுரங்க நகரான ஆஷிங்டனிலும் விளையாடினார். 1922 இல் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் மன்செஸ்டரில் விட்டுவிட்டு ஸ்பெயினுக்குச் சென்று, ரேசிங் சந்தாந்தர் கழகத்தின் பயிற்றுவிப்பாளரானார். அதன் பின்னர் அவர் அக்குடும்பத்துடன் ஒன்றுசேரவேயில்லை. அவ்வப்போது பணம் மட்டும் வந்து சேர்ந்தது.

ஸ்பெயினில் அவர் மரியாதையுடன் டொன் பற்றீசியோ என அழைக்கப்பட்டார். 1929 இல் ஸ்பானிய தேசிய லீக் முதன்முறையாக ஆரம்பிக்கப்பட்டபோது, அதில் இடம்பெற்ற பத்துக் கழகங்களுள் ஒன்றாக சந்தாந்தரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னர் ஒவியேடோ கழகத்தையும், 1931 முதல் செவில் நகரின் பெட்டிஸ் கழகத்தையும் பயிற்றுவித்தார். பெட்டிஸ் அப்போது இரண்டாம் பிரிவில் இருந்த, பணபலம் குறைந்த கழகம். ஒரே ஆண்டில் அதனை முதற்பிரிவுக்கு உயர்த்திய அவர், பாஸ்க் பிரதேச வீரர்கள் பலரைக் கொண்டு உறுதியான தற்காப்பு அரணொன்றைக் கட்டியெழுப்பினார். 1935 ஏப்ரல் 28 ஆம் திகதி, தமது பழைய கழகமான சந்தாந்தரையே அதன் மைதானத்தில் 5 - 0 என வென்று, மட்ரிட்டை ஒரே ஒரு புள்ளியால் பின்தள்ளி, பெட்டிஸ் சம்பியனாயிற்று. அக்கழகம் வென்ற ஒரேயொரு லீக் பட்டம் அதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சாதனையே அவரைப் பார்சிலோனாவுக்கு இட்டுச்சென்றது. 1936 ஜூலையில் உள்நாட்டு யுத்தம் வெடித்தபோது அவர் விடுமுறையில் அயர்லாந்தில் இருந்தார். திரும்பிச் செல்லாதிருக்க அவருக்குப் போதிய நியாயம் இருந்தது. கழகத்தின் தலைவர் ஜோசப் சுன்யோல் ஓகஸ்ட் மாதம் பிராங்கோவின் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கத்தவர் தொகை சரிந்தது, வருமானம் வற்றியது. கற்றலோனிய அடையாளத்தின் சின்னமாக விளங்கிய அக்கழகத்தின் எதிர்காலமே கேள்விக்குறியானது. இருந்தும் ஓகொனல் திரும்பிச் சென்றார்.

1937 இல் மெக்சிக்கோவில் வாழ்ந்த கற்றலோனிய வர்த்தகர் மனுவேல் மாஸ் செரானோ, அங்கு வந்து விளையாட 15,000 டொலர் தருவதாக அழைப்பு விடுத்தார். ஓகொனல் அணியை அழைத்துக்கொண்டு கடல் கடந்தார். மெக்சிக்கோவிலும் பின்னர் நியூயோர்க்கிலும் ஆட்டங்கள் நடைபெற்றன. குடியரசுக்கு ஆதரவளித்த மெக்சிக்கோ வீரர்களுக்கு அடைக்கலம் தரவும் முன்வந்தது. சுற்றுப்பயண முடிவில் வீரர்களுள் பெரும்பாலானோர் மெக்சிக்கோவிலோ பிரான்ஸிலோ தங்கிவிட, நால்வர் மட்டுமே ஓகொனலுடன் யுத்த பூமிக்குத் திரும்பினர். உயிருக்கு அஞ்சித் தங்கியோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஈட்டிய பணம் பறிபோகாதிருக்கும்பொருட்டு, கழகச் செயலாளர் ரொசெண்ட் கல்வெட் அதனைப் பாரிஸ் நகர வங்கியொன்றில் வைப்பிலிட்டார். 1938 மார்ச்சில் கழகத்தின் தலைமையகம் குண்டுவீச்சில் சிதைந்தது. ஆனால் பாரிஸில் இருந்த பணம் தப்பியது. கழகமும் தப்பிப் பிழைத்தது.

பார்சிலோனாவைக் காத்தவர் என அவர் இன்று போற்றப்படுவது இதனாலேயே. அப்பெருமை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதே நமது கருத்தாகும். அழைத்த வர்த்தகருக்கும், பணத்தைக் காத்த செயலாளருக்கும் அதில் பங்குண்டு. எனினும், பாதுகாப்பான தாய்நாட்டிலிருந்து ஒரு தடவையும், பாதுகாப்பான மெக்சிக்கோவிலிருந்து மறு தடவையும் யுத்தத்தை நோக்கித் திரும்பிய பயிற்றுவிப்பாளரின் கடமையுணர்வு சாதாரணமானதன்று.

அத்தகைய கடமையுணர்வு அவரது இல்லத்திற்குக் கிட்டவில்லை என்பதே இவ்வரலாற்றின் துயரம். முதல் மனைவி மன்செஸ்டரில் இருக்கும்போதே ஸ்பெயினில் மற்றோர் அயர்லாந்துப் பெண்ணை அவர் மணந்துகொண்டார். வளர்ந்த மகன் ஒருவர் தந்தையைத் தேடிச் சென்றபோது, அவரைத் தமது பெறாமகன் என்றே பிறருக்கு அறிமுகப்படுத்தினார். 1940 களில் பெட்டிஸ், செவில்லா, சந்தாந்தர் கழகங்களைப் பயிற்றுவித்த அவர், முதுமையில் கையில் ஏதுமின்றி இலண்டனில் சகோதரரிடம் ஒதுங்கினார். இறந்தபோது கென்சல் கிறீன் பகுதியிலுள்ள புனித மரியாள் மயானத்தில், பெயர் பொறிக்கப்படாத குழியில் புதைக்கப்பட்டார்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக எவரும் அதைத் தேடவில்லை. அவர் கைவிட்டுச் சென்ற குடும்பத்தின் வழிவந்தோரே பிற்காலத்தில் அவரது வாழ்க்கையைத் தேடித் தொகுத்தனர். 2014 ஆம் ஆண்டளவில் நினைவு நிதியமொன்று உருவாகி, அவரது கல்லறைக்குப் புதிய கல் நாட்டப்பட்டது. கழகங்கள் பட்ட கடன் காலந்தாழ்த்தியேனும் ஓரளவு தீர்க்கப்பட்டது எனலாம். ஆனால் அவர் ஸ்பெயினில் பெயர் ஈட்டிய காலமெல்லாம், எப்போது வரும் எனத் தெரியாத பணத்தை நம்பி நான்கு பிள்ளைகளை ஆளாக்கிய பெண்ணுக்கு எந்த மைதானத்திலும் சிலை எழவில்லை. ஓகொனலின் வரலாற்றைக் கூறுவோர் அவரது வெற்றிகளோடு அப்பெண்ணின் இழப்பையும் சேர்த்தே கூறுவது நேர்மையாகும்.