அடுக்கிப் பார்த்த மனிதர் – அலெஸாண்ட்ரோ வோல்டா

போன செமஸ்டரில் எங்கள் லேபில் ஒரு மல்டிமீட்டர் திடீரென்று கண்ணை மூடிவிட்டது. உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. அதன் மேல் 6எஃப்22 என்று அச்சிட்டிருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கேட்டார். எங்கள் பேட்ச் மொத்தமும் கூரையைப் பார்த்தது! அவர் சிரித்துக்கொண்டே அந்தச் செத்த பேட்டரியின் தகர உறையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பிஸ்கட் பாக்கெட் மாதிரி தட்டைத் தட்டையாக ஆறு செல்கள், ஒன்றின் மேல் ஒன்று. முதலில் உள்ள 6 செல்களின் எண்ணிக்கை. எஃப் என்றால் ஃபிளாட், அதாவது தட்டை. 22 அந்தத் தட்டையின் அளவைக் குறிக்கும் எண். ஒரு செல்லுக்கு 1.5 வோல்ட், ஆறுக்கு 9.

அட, இவ்வளவுதானா என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் இந்த 'இவ்வளவுதான்' உலகுக்குத் தெரியவந்தபோது, அதை முதலில் அடுக்கிப் பார்த்தவருக்கு வயது 55. அவர்தான் அலெஸாண்ட்ரோ வோல்டா.

வட இத்தாலியில் ஏரிக்கரையில் உள்ள ஊர் கோமோ. அங்கே 1745 பிப்ரவரி 18-ல் பிறந்தார் வோல்டா. நான்கு வயது வரை பேச்சே சரியாக வரவில்லையாம். பிள்ளை மந்தமோ என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். ஏழு வயதில் தந்தையையும் இழந்தார். உறவினர்கள் அவரைச் சட்டம் படிக்க வைக்க நினைத்தார்கள். பையனுக்கோ மின்சாரத்தின் மேல் பைத்தியம்! பதினெட்டு வயதிலேயே ஐரோப்பாவின் பெரிய மின்னியல் அறிஞர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார். நண்பர் ஒருவர் வீட்டில் இருந்த கருவிகளை வைத்துத் தானே சோதனை செய்து கற்றார். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல அவர்.

இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள் நண்பர்களே. டிப்ளமோ தானே என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கும்போது நமக்கு உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கிறதே, அதற்கு மருந்து இது.

1774-ல் கோமோ பள்ளியில் வேலை. 1775-ல் எலெக்ட்ரோஃபோரஸ் என்ற நிலைமின் கருவியை மேம்படுத்திப் பெயர் வாங்கினார். 1776-ல் மஜ்ஜோரே ஏரியின் சேற்றிலிருந்து கிளம்பிய குமிழிகளைப் பிடித்துச் சோதித்தார். அதுதான் மீத்தேன் வாயு! அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாவியா பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

இனிமேல்தான் கதையே சூடு பிடிக்கிறது. பொலோனியா நகரில் லூயிஜி கால்வானி என்ற உடற்கூறு பேராசிரியர் இருந்தார். செத்த தவளையின் காலைப் பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டால் கால் துடித்தது! உடலுக்குள்ளேயே மின்சாரம் ஊறுகிறது என்று 1791-ல் எழுதினார். ஐரோப்பா முழுக்கப் பரபரப்பு. எங்கே பார்த்தாலும் தவளைகளுக்கு ஆபத்து!

வோல்டாவும் செய்து பார்த்தார். கால் துடித்தது. முதலில் கால்வானி சொன்னதை ஒத்துக்கொண்டார். ஆனால் திரும்பத் திரும்பச் செய்தபோது ஒன்றைக் கவனித்தார். இரண்டு உலோகமும் ஒரே வகையாக இருந்தால் துடிப்பு மந்தம். வேறு வேறாக இருந்தால் துள்ளல். அப்படியானால் விஷயம் தவளையிடமா, உலோகத்திடமா? தன் நாக்கையே லேபாக ஆக்கினார். ஒரு பக்கம் தகரத் தாள், மறு பக்கம் வெள்ளிக் காசு வைத்து இரண்டையும் தொடவிட்டார். சுள்ளென்று ஒரு சுவை! தவளை வெறும் மீட்டர்தான், மின்சாரம் இரண்டு உலோகங்களால் வருவது என்று அடித்துச் சொன்னார்.

கால்வானி பக்கம் சும்மா இருக்குமா? உலோகமே இல்லாமல் தவளையின் நரம்பையும் தசையையும் நேரடியாகத் தொடவிட்டுத் துடிப்பைக் காட்டினார்கள். அப்படியானால் வோல்டா தவளையே இல்லாமல் காட்ட வேண்டும். ஒரு ஜோடி உலோகத்தில் கிடைப்பதோ ரொம்பக் கொஞ்சம். என்ன செய்வது? மின்சார அதிர்ச்சி தரும் திருக்கை மீனின் உடலில் அடுக்கடுக்காக இருக்கும் உறுப்பு அவர் மனதில் இருந்தது. ஒன்று போதாதென்றால் அடுக்கு!

வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை. மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை... இப்படி முப்பது, நாற்பது, அறுபது என்று தூண் மாதிரி ஏற்றினார். மேலும் கீழும் கை வைத்தால் ஷாக்! அதுவும் ஒரு பொறியோடு முடியாமல், தொட்டபோதெல்லாம் கிடைத்தது. 1800 மார்ச் 20-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு இதைக் கடிதமாக எழுதினார். சில வாரங்களிலேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் இந்த அடுக்கைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டார்கள். 1801-ல் பாரிஸில் நெப்போலியன் முன்னாலேயே செய்து காட்டினார். தங்கப் பதக்கம், பின்னர் 1810-ல் கவுண்ட் பட்டம். பேச்சு வராத பிள்ளைக்கு!

சரி, யார் ஜெயித்தது? இங்கேதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. கால்வானி 1798-லேயே இறந்துவிட்டார், அடுக்கைப் பார்க்கவில்லை. ஆனால் நம் உடலில் மின்சாரம் ஓடுவது உண்மை என்று பின்னால் நிரூபணமானது. இன்று ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி. அதற்குச் சாட்சி. வோல்டாவோ, இரண்டு உலோகம் தொட்டாலே போதும், இந்த அடுக்கு தீரவே தீராது என்று நினைத்தார். அது தவறு! துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த ரசாயன மாற்றம்தான் மின்சாரம் தருகிறது. தீராது என்றால் எங்கள் மல்டிமீட்டர் ஏன் கண்ணை மூடப்போகிறது? ஆக, இருவருமே பாதி சரி, பாதி தப்பு. ஆனாலும் செய்து காட்டிய சோதனை நின்றது. சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள்.

அந்த அடுக்கின் வம்சம்தான் இன்று கடை முழுக்கத் தொங்குகிறது. வைவாவுக்கு உதவும், குறித்துக்கொள்ளுங்கள். ஆர் என்றால் உருண்டை வடிவம். பெரிய டார்ச் கட்டை ஆர்20, பென்சில் செல் ஆர்6, ரிமோட்டில் போடும் ஒல்லிச் செல் ஆர்03. முன்னால் எல் வந்தால் ஆல்கலைன், எஸ் வந்தால் சில்வர் ஆக்சைடு, சி வந்தால் லித்தியம். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஆனால் ஆர்20-ல் உள்ள 20 விட்டம் அல்ல, அது பழைய வரிசை எண். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்! கைக்கடிகாரத்தின் எஸ்ஆர் பட்டன் செல்லில் ஒரு பக்கம் துத்தநாகம், மறு பக்கம் வெள்ளி ஆக்சைடு. வோல்டாவின் பழைய ஜோடியின் சாயல் தெரிகிறதா? நம் தமிழ்ப் பாடநூல் சொல்லும் அவரைத்தான் ஞாபகப்படுத்துகிறது: செல் என்றால் மின்கலம், பேட்டரி என்றால் மின்கல அடுக்கு.

1819-ல் ஓய்வு பெற்று ஊர்ப்பக்கம் போன வோல்டா, 1827 மார்ச் 5-ல் 82-ஆம் வயதில் மறைந்தார். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு மின்னழுத்த அலகுக்கு வோல்ட் என்று பெயர் சூட்டியது. எதிராளி கால்வானியும் நம் லேபை விட்டுப் போகவில்லை, கால்வனோமீட்டரில் உட்கார்ந்திருக்கிறார்!

நண்பர்களே, சார் சொன்னார், புத்தகத்தில் இருக்கிறது என்று ரீடிங்கைக் காப்பி அடித்து ரெக்கார்டு நோட்டை முடிக்கிறோமே, வோல்டா அப்படிச் செய்திருந்தால் தவளைக் காலோடு கதை முடிந்திருக்கும். அடுத்த முறை மல்டிமீட்டரின் திருகியை 'வி' என்ற எழுத்துக்குத் திருப்பும்போது ஒரு விநாடி நில்லுங்கள். அது பட்டம் வாங்காத ஒரு மனிதரின் இனிஷியல்.