நம்பிக் காத்திருந்த குடும்பம்!



ஒரு வீட்டில் 2,000 பிள்ளைகள். எல்லாருக்கும் மூன்று வேளையும் சாப்பாடு போட வேண்டும். உடுத்த உடை, படுக்கப் படுக்கை, படிக்கப் பள்ளிக்கூடம் எல்லாம் தர வேண்டும். ஆனால், அந்த வீட்டுத் தலைவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கடனும் வாங்க மாட்டார். யாரிடமும் போய்க் கை நீட்டவும் மாட்டார். இப்படி ஒரு வீட்டை நடத்த முடியுமா?

முடிந்தது! இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற நகரில் அப்படி ஒரு பெரிய வீடு நடந்தது. அதை நடத்தியவர் ஜார்ஜ் முல்லர். அவர் தனியாக நடத்தவில்லை. மனைவி மேரியும் மகள் லிடியாவும் கூடவே நின்றார்கள். கடவுளிடம் கேட்பது, நம்பிக் காத்திருப்பது, காத்திருக்கும்போதே உழைப்பது... இதுதான் அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

காலணிக்குள் காசு

முல்லர் 1805ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பிரஷ்யாவில் பிறந்தார். அந்தப் பகுதி இன்று ஜெர்மனியில் உள்ளது. தந்தை அரசுக்கு வரி வசூலிக்கும் அதிகாரி. பிள்ளைகளுக்குச் செலவுக்குத் தாராளமாகப் பணம் தருவார். அது போதாதென்று, வசூலான அரசுப் பணத்திலிருந்தும் ஜார்ஜ் திருடத் தொடங்கினான். அப்போது அவனுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

தந்தைக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் காசுகளை எண்ணி, அறையில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து எண்ணியபோது குறைந்தது. மகனைச் சோதித்தார். காசு எங்கே இருந்தது தெரியுமா? காலணிக்குள், பாதத்துக்கு அடியில்!

வளர்ந்த பிறகும் திருந்தவில்லை. 14 வயதில் தாயை இழந்தார். தாய் இறந்துகொண்டிருந்த இரவில், அது தெரியாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார். 16 வயதில், விடுதிகளில் தங்கிவிட்டுப் பணம் கட்டாமல் நழுவியதற்காகச் சிறைக்கும் போனார்.

பிறகு ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி படிக்கச் சேர்ந்தார். பாடம் சமயம்தான். ஆனால் மனத்தில் பக்தி இல்லை. 1825ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் அவரை ஓர் எளிய வியாபாரியின் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே சிலர் கூடிப் பாடினார்கள். பைபிள் வாசித்தார்கள். ஒருவர் முழங்காலிட்டு ஜெபம் செய்தார். முழங்காலிட்டு ஒருவர் ஜெபிப்பதை முல்லர் பார்த்தது அதுதான் முதல் தடவை! அந்த வீட்டில் கண்ட பக்தியும் மகிழ்ச்சியும் அவர் மனத்தைத் தொட்டன. அன்றிலிருந்து அவர் வாழ்க்கை திசை மாறியது.

சம்பளம் வேண்டாம்

1829இல் முல்லர் இங்கிலாந்துக்கு வந்தார். டெயின்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறிய சபைக்குப் போதகர் ஆனார். 1830 அக்டோபரில் மேரி குரோவ்ஸ் என்ற பெண்ணை மணந்தார். மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், நல்ல வருமானம் தந்த பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, பாக்தாத்துக்கு ஊழியம் செய்யப் போனவர். பின்னர் நம் இந்தியாவுக்கும் வந்து சித்தூரில் பணி செய்தார்.

அந்தக் காலத்தில் தேவாலய இருக்கைகளுக்கு வாடகை உண்டு. பணம் உள்ளவர்களுக்கு நல்ல இடம். ஏழைகளுக்கு மோசமான இடம். அந்த வாடகையிலிருந்துதான் போதகருக்குச் சம்பளம். இது முல்லருக்கு நியாயமாகப் படவில்லை. கணவனும் மனைவியும் கலந்து பேசி, திருமணமான அதே மாதத்தில் சம்பளத்தை விட்டுவிட்டார்கள். தேவாலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. விருப்பம் உள்ளவர்கள் அதில் போடலாம். தேவைகளைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

சில வாரங்களிலேயே சோதனை வந்தது. கையில் இருந்தது சுமார் எட்டு ஷில்லிங்தான். 20 ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. காலையில் இருவரும் ஜெபித்தார்கள். பின்னர் ஒரு பெண்மணி, பணம் ஏதும் தேவையா என்று முல்லரிடம் கேட்டார். அப்போதும் அவர் தம் தேவையைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண்மணி இரண்டு பவுண்டுக்கு மேல் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரிஸ்டலில் இன்பமும் துன்பமும்

1832இல் முல்லர் தம்பதி பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தனர். அந்த ஆண்டு அங்கே காலரா பரவியது. அந்தக் கொடிய நாட்களில்தான் மகள் லிடியா பிறந்தாள். பின்னர் எலியா என்ற மகன் பிறந்தான். ஆனால் 1835 ஜூன் மாதம், 15 மாதக் குழந்தையாக இருந்தபோது அவன் இறந்துபோனான்.

குழந்தைகளே, ஜெபித்தால் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று முல்லர் குடும்பம் நினைக்கவில்லை. இழப்பின் துயரம் அவர்களுக்கும் தெரியும். துயரத்திலும் கடவுள் தங்களைக் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையை மட்டும் அவர்கள் விடவில்லை.

அதே ஆண்டு நவம்பரில், ஹாலே நகரில் பெரிய அனாதை இல்லம் நடத்திய பிராங்கே என்பவரின் வாழ்க்கை வரலாறு முல்லர் கண்ணில் பட்டது. பிரிஸ்டல் தெருக்களில் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் அலைவதை அவர் தினமும் பார்த்து வந்தார். நாமும் ஓர் இல்லம் தொடங்கினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. பிள்ளைகளைக் காப்பது ஒரு நோக்கம். நம்பியவர்களைக் கடவுள் கைவிடமாட்டார் என்பதை ஊரார் கண்ணால் காண வேண்டும் என்பது அதைவிடப் பெரிய நோக்கம்.

செய்தி பரவியது. ஒருவர் 28 தட்டுகள், சில கிண்ணங்கள், நான்கு கத்திகள், ஐந்து முள்கரண்டிகள் கொடுத்தார். தையல் வேலை செய்து வாரத்துக்குச் சில ஷில்லிங் மட்டுமே சம்பாதித்த ஓர் ஏழைப் பெண், தமக்கு வந்த குடும்பச் சொத்திலிருந்து 100 பவுண்டு கொண்டுவந்தார்! முல்லர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. நன்றாக யோசித்துத்தான் தருகிறாரா என்று விசாரித்து, உறுதியான பிறகே பெற்றுக்கொண்டார்.

மறந்துபோன ஜெபம்

இனி வருவது வேடிக்கையான செய்தி. 1836 பிப்ரவரியில், இல்லத்தில் சேர விண்ணப்பம் வாங்க ஒரு நாள் குறிக்கப்பட்டது. முல்லர் போய்க் காத்திருந்தார். ஒருவர்கூட வரவில்லை! அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பணத்துக்காக ஜெபித்தார், வீட்டுக்காக ஜெபித்தார், ஊழியர்களுக்காகவும் ஜெபித்தார். ஆனால் பிள்ளைகள் வர வேண்டும் என்று ஜெபிக்க மறந்துவிட்டார்! அன்று மாலை அதற்காக ஜெபித்தார். மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது.

ஏப்ரல் மாதம் வில்சன் தெருவில், பெண்பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து சிறு குழந்தைகளுக்கும், ஆண்பிள்ளைகளுக்கும் அதே தெருவில் இல்லங்கள் தொடங்கின.

பக்கத்திலேயே இருந்த பணம்

1838இல் கடும் நெருக்கடி வந்தது. கையிருப்பு தீர்ந்துபோனது. முல்லர் வெளியாரிடம் வாய் திறக்கவில்லை. ஆனால் இல்லத்தில் வேலை செய்தவர்களைக் கூட்டி உண்மை நிலையைச் சொன்னார். எல்லாரும் சேர்ந்து ஜெபித்தார்கள். தங்களிடம் இருந்த சொந்தக் காசையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

செப்டம்பர் 18ஆம் நாள். அன்றைய செலவுக்கே பணம் போதவில்லை. பிற்பகலில் ஒரு பெண்மணி வந்து மூன்று பவுண்டுக்கு மேல் கொடுத்தார். லண்டனில் இருந்த அவருடைய மகள் கொடுத்தனுப்பிய பணம் அது. அவர் பிரிஸ்டலுக்கு வந்து நான்கைந்து நாட்கள் ஆகியிருந்தன. தங்கியிருந்ததும் இல்லத்துக்கு அருகில்தான். உதவி பக்கத்திலேயே இருந்திருக்கிறது. வரவேண்டிய நேரத்தில் வந்தது என்று எண்ணி முல்லர் மனம் நெகிழ்ந்தார்.

ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை அச்சிட்டு வெளியிடுவார். 1841 டிசம்பரில் பணத்துக்கு மிகவும் தட்டுப்பாடு. அப்போது அறிக்கை வெளியிட்டால் மறைமுகமாக உதவி கேட்பது போல ஆகிவிடும் என்று, அதைத் தள்ளிப்போட்டார். எவ்வளவு நேர்மை பாருங்கள்!

குன்றின்மேல் ஐந்து வீடுகள்

1845இல், பிள்ளைகளின் சத்தம் தொல்லையாக இருப்பதாக வில்சன் தெருவாசி ஒருவர் கடிதம் எழுதினார். முல்லர் கோபப்படவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக நினைத்தார். ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்ற மேட்டு நிலத்தைப் பார்த்தார். அதன் உரிமையாளர் ஏக்கருக்கு 200 பவுண்டு விலை வைத்திருந்தார். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்த அவருக்கு ஐந்து மணி வரை தூக்கம் வரவில்லை. அந்த நிலத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். அன்று முல்லர் வந்தபோது 120 பவுண்டுக்கே தர ஒப்புக்கொண்டார்.

1849இல் அங்கே 300 பிள்ளைகளுடன் முதல் கட்டடம் திறக்கப்பட்டது. 1870க்குள் ஐந்து கட்டடங்கள். மொத்தம் 2,050 பிள்ளைகளுக்கு இடம்!

1857 நவம்பரில் முதல் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. செங்கல் சுவரை இடித்தால்தான் பழுது பார்க்க முடியும். அதுவரை நெருப்பை அணைக்க வேண்டும். வெளியிலோ குளிர்ந்த வடக்குக் காற்று! குழந்தைகள் நடுங்கிப் போவார்களே! தெற்குக் காற்று வீச வேண்டும், வேலையாட்களுக்கு உழைக்கும் மனம் வேண்டும் என்று முல்லர் ஜெபித்தார். வேலை தொடங்கிய நாளில் இதமான தெற்குக் காற்று வீசியது. வேலையாட்கள் தாங்களாகவே இரவு முழுவதும் வேலை செய்ய முன்வந்தார்கள். சுமார் 30 மணி நேரத்தில் பழுது சரியானது.

மேரி அம்மையாரும் லிடியாவும்

மேரி சும்மா இருக்கவில்லை. துணி வாங்குவது, படுக்கைகளைக் கவனிப்பது, நோயுற்ற பிள்ளைகளைப் பார்ப்பது, நூற்றுக்கணக்கான ரசீதுகளைச் சரிபார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாலையில் வேலை முடிந்ததும் கணவனும் மனைவியும் இல்லத்திலேயே அமர்ந்து சேர்ந்து ஜெபிப்பார்கள். சில நாட்களில் 40, 50 தேவைகளைக்கூட ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார்கள். பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

1853இல், 20 வயது லிடியாவுக்கு டைபஸ் காய்ச்சல் வந்தது. பிழைப்பாளோ மாட்டாளோ என்ற நிலை. ஒரே மகள்! எலியாவை இழந்த பெற்றோரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அவர்கள் கலங்கி ஓடவில்லை. கடவுளின் சித்தத்துக்கு மகளை ஒப்படைத்துக் காத்திருந்தார்கள். லிடியா பிழைத்தாள். பிறகு ஏறக்குறைய 30 ஆண்டுகள், ஊதியம் வாங்காமல் இல்லப் பிள்ளைகளுக்காக உழைத்தாள். அவளை மணந்த ஜேம்ஸ் ரைட்டும் முல்லருக்குத் துணையாக நின்றார்.

1870 பிப்ரவரியில் மேரி காலமானார். தாயாக இருந்தவரின் இறுதி ஊர்வலத்தில் சுமார் 1,200 பிள்ளைகள் நடந்து சென்றார்கள்.

பின்னர் சூசன்னா என்பவரை முல்லர் மணந்தார். 70 வயதுக்குமேல் இருவரும் 42 நாடுகளுக்குப் பயணம் செய்தனர். இந்தியாவுக்கும் வந்தனர். 1890 ஜனவரியில் அவர்கள் ஜபல்பூரில் இருந்தபோது ஒரு தந்தி வந்தது. லிடியா இறந்துவிட்டாள் என்ற செய்தி! கடல் கடந்த ஊரில், 84 வயதில், அந்தத் தந்தை மகளின் மறைவைத் தாங்கிக்கொண்டார்.

1898 மார்ச் 9ஆம் நாள் மாலை ஜெபக் கூட்டத்தை நடத்தினார். மறுநாள் காலை, தம் அறையில் அமைதியாக உயிர் நீத்தார். அப்போது வயது 92. அவர் காலத்தில் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல். அவருடைய பணிகளுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. ஆனால் அவர் விட்டுச்சென்ற சொந்தச் சொத்தின் மதிப்பு 200 பவுண்டைக்கூட எட்டவில்லை!

ஆஷ்லி டவுனில் அந்தக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. இல்லம் அங்கிருந்து மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அல்ல, செல்வங்களே! முல்லர் குடும்பம் காத்திருந்தபோது கணக்கு எழுதியது, துணி வாங்கியது, நோயாளிப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தது. பாரத்தை ஒருவருக்கொருவர் மறைக்காமல் பகிர்ந்துகொண்டது. அதனால்தான், பையில் காசில்லாத நாளிலும் அந்தக் குடும்பம் நம்பிக்கை இழக்கவில்லை.