கிண்ணமின்றி நிலைத்த புகழ்

வென்ற கிண்ணங்களின் எண்ணிக்கையைக் கொண்டே ஒரு விளையாட்டு வீரரை மதிப்பிடும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவரின் பெயரே மறுநாள் பத்திரிகையில் இடம்பெறுகின்றது. எதிரணியின் கோலைத் தடுத்த பின்கள வீரரின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இதற்கு விதிவிலக்காக வாழ்ந்தவர் வங்கத்தின் கோஷ்டா பால். 1933ஆம் ஆண்டு இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கி இலங்கைக்கு வந்தவர் என்ற வகையில் எமது நாட்டுக்கும் அவர் அந்நியரல்லர்.

இன்று பங்களாதேஷில் உள்ள போஜேஸ்வர் என்ற ஊரில் 1896இல் பிறந்த அவர், சிறுவயதிலேயே கல்கத்தாவுக்கு வந்து, 1912இல் மோகன் பகான் கழகத்தில் இணைந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் அக்கழகம் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியிருந்தது. ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடிப் பெற்ற அந்த வெற்றி, அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டுக்கே தன்னம்பிக்கையை ஊட்டியது.

அந்த நம்பிக்கையைக் கட்டிக்காக்கும் பொறுப்பு அடுத்து வந்த தலைமுறையின் மீது விழுந்தது. ஆங்கிலேயச் சிப்பாய்களின் கனத்த பாதணிகளுக்கு எதிரே கோஷ்டா பால் வெறுங்காலுடன் நின்றார். அவரைத் தாண்டிச் செல்வதிலிருந்த சிரமமே அவருக்குச் சீனப் பெருஞ்சுவர் என்ற பட்டப்பெயரை ஈட்டித் தந்தது. 1921 முதல் 1926 வரை அவர் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

எனினும் ஆடுகளம் அவருக்குச் சமமானதாக இருக்கவில்லை. கல்கத்தா லீக் போட்டியின் முதற்பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இடமில்லை என்ற விதி 1920களின் நடுப்பகுதி வரை நீடித்தது. மழைக்காலப் போட்டிகளில் சேற்றில் வழுக்கும் வெறுங்கால்கள் பாதணிகளுக்கு ஈடுகொடுக்க இயலாமற் போயின. 1923இல் அவரது தலைமையில் கேடய இறுதிப் போட்டி வரை முன்னேறிய மோகன் பகான், ஐரோப்பியரின் கல்கத்தா கழகத்திடம் தோல்வி கண்டது. மத்தியஸ்தரின் பாரபட்சத்தைக் கண்டித்து அவர் மைதானத்திலேயே படுத்து எதிர்ப்புத் தெரிவித்ததை, அந்நகரின் இரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்துள்ளனர்.

1935இல் அவர் ஓய்வு பெற்றார். மோகன் பகான் முதன்முறையாக லீக் பட்டத்தை வென்றது 1939இல்; கேடயத்தை மீண்டும் வென்றது 1947இல். ஆக, 23 ஆண்டுகள் ஒரே கழகத்துக்காக ஆடியும், கேடயமோ லீக் பட்டமோ அவர் கைக்கு எட்டவில்லை. ஆயினும் 1962இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரர் அவரே. 1976இல் அவர் மறைந்த பின்னர் கல்கத்தாவில் சிலை எழுப்பப்பட்டது. ஒரு வீதிக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 1998இல் இந்திய அரசு அவர் நினைவாக முத்திரையும் வெளியிட்டது. தோல்விகளுக்கு நடுவிலும் அவர் விட்டுக்கொடுக்காது நின்றதை மக்கள் மறக்கவில்லை என்பதற்கு இவை சான்றுகளாகும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாலை வேளைகளில் பந்தை உதைக்கும் சிறுவர்களில் பெரும்பாலானோர் முன்வரிசையில் ஆடவே விரும்புகின்றனர். பின்னுக்கு நில் என்று சொன்னால் தண்டனை பெற்றவனைப் போல் முகம் வாடுகின்றது. இதற்குச் சிறுவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பரிசளிப்பு விழாவில் அதிக கோல் போட்டவருக்கு மட்டும் கிண்ணம் வழங்கிவிட்டு, ஏனையோரைக் கைதட்ட வைப்பவர்கள் பெரியவர்களாகிய நாமே.

எமது பாடசாலைகளும் கழகங்களும் சிறந்த பின்கள வீரருக்கும் அதே மேடையில், அதே அளவு கிண்ணத்தை வழங்க முன்வர வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. கிண்ணத்தைக் கையளிக்கும்போது கோஷ்டா பாலின் கதையையும் அந்தச் சிறுவனுக்குச் சொல்லி வைப்பது நன்று.