திருத்தணி தந்த கல்வியாளர்

திருத்தணி என்றதும் குன்றின் மேல் நிற்கும் முருகன் கோயிலே எவர் நினைவிலும் எழும். அவ்வூரில் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனை நாம் ஆசிரியர் நாளில் மட்டும் நினைத்து அமைகிறோம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த பள்ளத்தைத் தூர்க்க அவர் முயன்றதை ஏனோ பேசுவதில்லை.

திருத்தணியிலும் திருப்பதியிலும் பயின்ற அவர், வேலூர் ஊரீசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவமும் கற்றார். பின்னர் பேராசிரியர், துணைவேந்தர் எனப் பல பொறுப்புகளை ஏற்றார்.

1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். டாக்டர் ஜாகிர் உசேனும் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர்கள். அந்நாளில் பள்ளி இறுதித் தேர்வு முடித்தோர் நேரே கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தனர். பட்டப்படிப்பைத் தாங்கும் ஆயத்தம் பலருக்கு இல்லை. ஆகவே, பன்னிரண்டு ஆண்டுக் கல்வியை முடித்து, இன்டர்மீடியட் தரம் எய்தியோரே பல்கலைக்கழகம் புகவேண்டும், பட்டப்படிப்பு மூன்றாண்டாக வேண்டும் என 1949இல் குழு பரிந்துரைத்தது. கல்லூரியை நாடாதோர்க்குத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பல வேண்டும் என்றும் அது கூறிற்று. நம் கருத்தில், முன்னதைவிட இன்றியமையாதது இதுவே; நாடு செவிசாய்க்கத் தயங்கியதும் இதற்கே.

தமிழகத்திலோ புகுமுக வகுப்பு நெடுநாள் கல்லூரிகளிலேயே நீடித்தது. நம் ஊர் மூத்தோர் பலர் அதில் பயின்றவர்களே. 1978இல்தான் மேனிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. 1960இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த திருத்தணியும் அப்பயனைப் பெற்றது. இராதாகிருஷ்ணன் அதைக் காணவில்லை. 1975 ஏப்ரல் 17இல் அவர் மறைந்திருந்தார்.